அருவி காண வருவோரும் அடிவார ஊர்களும்

(புளியங்குடியில் நடைபெற்ற பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஆனி பிறந்து சாரல் வீசத் தொடங்கினால், குற்றாலத்தில் மக்கள் வந்து குவிகின்றனர். 'அவர்களில் ஒரு பகுதியினர் நம் ஊருக்கும் வரலாகாதா?' என்று நம்மில் பலர் கேட்கின்றனர். நியாயமான ஆசையே. மேற்கே மலை, அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள், நெல்கட்டும்செவலில் பூலித்தேவர் நினைவு மாளிகை என, காட்டுவதற்கு நம்மிடம் குறைவில்லை. ஆயினும் குற்றாலத்தின் அனுபவத்தை முதலில் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தலையாயது தண்ணீர். இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகளில் அமைத்த செயற்கை அருவிகளை மூடுமாறு, 2022-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அருவி நீர் குளிப்பதற்கு மட்டும் உரியதன்று. அதுவே சிற்றாறாய் ஓடி வயல்களுக்குப் பாய்கிறது. நம் பகுதியிலோ, மலை ஓடைகள் நிரப்பும் குளமும், குளத்தால் ஊறும் கிணறுமே எலுமிச்சைக்கு உயிர். மேலே ஓர் ஓடையை மறித்தால் கீழே எத்தனை கிணறுகள் வற்றும் என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள்.

அடுத்தது துப்புரவு. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை 2014-இல் நீதிமன்றமே தடை செய்ய நேர்ந்தது. குற்றாலத்திற்கே இந்நிலை எனில், ஒரு சில தூய்மைக் காவலர்களைக் கொண்ட சிறு பஞ்சாயத்து என் செய்யும்?

மற்றொன்று பாதுகாப்பு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கவர்ந்தது. மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்போருக்குத் தெரிவதில்லை. நம் மலைக்காடோ 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. யானைகள் நடமாடும் அவ்விடத்திற்கு வனத்துறையின் அனுமதியின்றி எவரையும் அழைத்துச் செல்லலாகாது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? விடுதி கட்ட விண்ணப்பம் வந்தால், கிராம வரைபடத்தை விரித்து ஓடையும் வாய்க்காலும் எங்குள்ளன என்று முதலில் பாருங்கள். கழிப்பிடமும் குப்பை அகற்றும் ஏற்பாடும் அமைந்த பின்னரே வண்டிகளை வரவழையுங்கள். காட்டைத் தவிர்த்துத் தோட்டங்களைக் காட்டுங்கள். எலுமிச்சை ஊறுகாயும் சாறும் விற்கும் உரிமை உள்ளூர் மகளிர் குழுக்களுக்கே கிடைக்கட்டும். இவற்றை அடுத்த கிராம சபையிலேயே தீர்மானமாக நிறைவேற்றுவோம்.

வருவோர் ஒரு நாள் இருந்து செல்வர். நாமோ இந்தக் கிணற்று நீரை நம்பி என்றும் இங்கு வாழ்பவர்கள். ஊருக்கு வரும் வருமானம் இந்நீரை விலையாகக் கேட்குமானால், அதனை நாம் வளர்ச்சி என்று கொள்ள இயலாது.