ஒப்புதலுக்கும் மீட்புக்கும் இடையே
(சட்டக் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுச் சட்டப்படி நீதிமன்றத்தில் செல்லாது. 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்த இந்தத் தடை, 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளானது. இன்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. அப்படியிருந்தும், கைதானவரிடம் காவல் நிலையத்தில் முதலில் எதிர்பார்க்கப்படுவது ஒப்புதல்தான். செல்லாக்காசை வாங்க ஏன் இத்தனை அவசரம்?

விடை சட்டத்திலேயே இருக்கிறது. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகும் என்றது பழைய 27-ஆம் பிரிவு. இன்றும் அது 23-இன் காப்புரையாகத் தொடர்கிறது. ஆகவே, ‘அழைத்துப் போனால் இடத்தைக் காட்டுகிறேன்’ என்ற ஒரு வரி கிடைத்தால் போதும். கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்திட, மகஜர் எழுதிக் கத்தியையோ சங்கிலியையோ கைப்பற்றிவிடலாம். அந்த அளவைத் தாண்டி எதையும் உள்ளே விடக் கூடாது என்று புலுகுரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் எல்லை வகுத்தது. அந்த எல்லை வாக்குமூலத்தின் வாசகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. அது எப்படி வாங்கப்பட்டது என்பதை அதனால் அளக்க முடிவதில்லை.

வற்புறுத்தி ஒப்புதல் வாங்குவதற்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையம் 1855-இல் அளித்த அறிக்கை, வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி போட்டு விரல்களை நெரித்ததைப் பதிவு செய்திருக்கிறது. இன்றைய நெருக்கடி வேறு வடிவில் வருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடய அறிவியல் அறிக்கை வரத் தாமதமாகும். நகையைப் பறிகொடுத்தவர் வாசலில் காத்திருப்பார். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கணக்குக் கேட்பார். ‘கிடுக்கிப்பிடி விசாரணையில் ஒப்புக்கொண்டார்’ என்ற செய்தியை நாமும் நிம்மதியோடுதான் வாசிக்கிறோம்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, கைப்பற்றுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. நல்ல மாற்றம். ஆனால் கேமரா இயங்கத் தொடங்குவது, ஒளித்த பொருளை எடுக்கப் புதருக்குள் கையை விடும்போதுதான். அதற்கு முந்தைய இரவு அதில் இல்லை. அந்த இரவுக்காகத்தான், விசாரணை அறைகளிலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இப்படிப் பொருளைக் கைப்பற்றியதைக் காட்டும் மீட்புச் சாட்சியத்தை ஏற்கும் முன் அந்தப் பதிவையும் நீதிமன்றம் கேட்டு வாங்க வேண்டும். பதிவு இல்லையென்றால் மீட்பையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். அடித்து வாங்கிய வரியால் வழக்கு நிற்காது என்று தெரிந்தால்தான் அடிப்பதற்கான காரணம் குறையும்.

இந்த யோசனையின் சாதக பாதகங்களை அமர்வுகளில் தயங்காமல் விவாதியுங்கள். காவல் அதிகாரிகளின் மறுப்பையும் கேட்க ஆவலாக இருக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.