அரைநாணி என்னும் பெயர்



கடலோரச் சேற்றிலும் மணலிலும் வளை தோண்டி வாழும் ஒரு மென்மையான புழுவைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம். பாடநூல்கள் இதன் தொகுதியை 'அரைநாணிகள்' என்கின்றன. முதுகுநாணில் பாதியை உடையவை என்பது பொருள். அந்தப் பாதி எங்கே இருக்கிறது?

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் இப்புழுவை முதுகுநாணிகளுக்கு உறவென்று கருதி, ஹெமிகார்டேட்டா என்று பெயரிட்டார். (மரபியலுக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்தவரும் இவரே.) வாய்க்குழியிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு சிறு குழலை அவர் முதுகுநாணுக்கு நிகரானதாகக் கொண்டார். நாம் அப்பெயரை அப்படியே தமிழாக்கினோம். மொழியாக்கத்தில் குறையில்லை, மூலக்கருத்துத்தான் நிலைக்கவில்லை. முதுகுநாண் உருவாக இன்றியமையாத பிராக்கியூரி மரபணு அக்குழலில் இயங்குவதில்லை. இருபதாம் நூற்றாண்டிலேயே இவை தனித்தொகுதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன.

அப்படியாயின் உறவே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறோர் உறுப்பில். இப்புழுவின் உடல் முன்நீட்சி, கழுத்துப்பட்டை, நெடிய உடற்பகுதி என மூன்றாகப் பிரிந்தது. கழுத்துப்பட்டைக்குப் பின்னே இருபுறமும் செவுள் பிளவுகள் வரிசையாக அமைந்துள்ளன. வாய்வழி புகும் நீர் இவற்றின் வழியே வெளியேறுகிறது. 1866இல் ருஷ்ய அறிஞர் கொவலேவ்ஸ்கி இவற்றைக் கண்டறிந்து கூறினார். மீனின் செவுள் பிளவுகளோடு இவை ஒத்திருப்பது தற்செயலன்று. 2015இல் இரண்டு இனங்களின் மரபணுத்தொகை வெளியானபோது, தொண்டைப் பிளவுகளோடு தொடர்புடைய மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கும் வரிசை, நம் போன்ற முதுகெலும்பிகளிடமும் இவற்றிடமும் பொதுவாக இருப்பது தெரிந்தது.

இளவுயிரியோ வேறொரு கதை சொல்கிறது. நீந்தும் டார்னேரியாவை முதலில் நட்சத்திர மீனின் குஞ்சு என்றே எண்ணினர். மெச்னிகோவ் அதன் உண்மைப் பெற்றோரை அடையாளங்காட்டினார். அந்த மயக்கத்திலும் ஓர் உண்மை இருந்தது. இன்றைய வகைப்பாட்டில் இவற்றின் மிக நெருங்கிய உறவினர் முட்தோலிகளே. முதுகுநாணிகள் அதற்கு அடுத்த வட்டத்தில்தான் வருகின்றன.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. உலகெங்கும் அப்பெயரே வழங்குகிறது. தமிழில் மட்டும் மாற்றினால் மாணவர்கள்தான் இடர்ப்படுவர். ஆனால் 'அரைநாணி' என்று கரும்பலகையில் எழுதும்போது, நாணைத் தேடாதீர்கள், செவுளைப் பாருங்கள் என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லலாம். படத்திலும் முதலில் செவுள் பிளவுகளையே குறிக்கச் செய்யலாம்.

2015இல் மரபணுத்தொகை வாசிக்கப்பட்ட இரண்டில் ஒன்றான டைகோடெரா பிளாவா, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு மணலிலும் வாழ்கிறது.