திம்பம் சாலையில் லாரியும் மானும்

(முன்னாள் மாணவர் சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது உபயோகமாப் பேசுப்பா, சுயபுராணம் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் முன்னாலேயே எச்சரித்துவிட்டார். ஆனால் நான் சொல்ல வந்த விஷயத்தில் என் தவறு ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல் முடித்துவிட்டு, லாரிகள் வைத்துச் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். வண்டிப் பராமரிப்பும், எந்த வண்டி எப்போது கிளம்பி எப்போது சேரவேண்டும் என்று ட்ரிப் ஷீட் போடுவதும் என் வேலை. எங்கள் வண்டிகள் ஈரோட்டிலிருந்து மைசூருக்கு சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகப் போகும். பழைய தேசிய நெடுஞ்சாலை 209. இப்போது 948 என்று எண் மாறிவிட்டது. பண்ணாரி அம்மனுக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டு ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். 2013 முதல் அந்தக் காடு புலிகள் காப்பகம். 2022 பிப்ரவரியில் உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்து இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில் பந்திப்பூர் சாலைகளில் 2009 முதலே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை தடை உண்டு.

தடை நியாயமானதுதான், எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கேட் அடைக்கும் நேரம் ஒன்று வந்துவிட்டால், அதற்கு முன்னால் எப்படியாவது நுழைந்துவிடவேண்டும் என்று எல்லா வண்டியும் மாலையில் ஓடும். நானும் அப்படித்தான் ஷீட் போட்டேன். மத்தியானம் லோடு ஏற்று, கடைசி நேரத்தில் கேட்டைத் தாண்டு, பொழுது இறங்குவதற்குள் கர்நாடகா போய்ச் சேர். ஆபீசில் உட்கார்ந்து தூரத்தை வேகத்தால் வகுத்தால் கணக்கு அழகாக வந்தது. பொழுது சாயும் நேரமும் விடியும் நேரமும்தான் புள்ளிமான் மேய்ச்சலுக்கு வெளியே வரும் நேரம் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

ஒரு நாள், பிரேக் இழுக்கிறது என்று ஒரு வண்டியைப் பற்றிப் புகார் வந்ததால் நானே கேபினில் ஏறிப் போனேன். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அந்த மலையில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர். ஆறு சக்கர வண்டி, பத்து டன் நூல் லோடு, உயரமாக அடுக்கியிருந்தது. திம்பம் ஏறி முடித்து ஆசனூர்ப் பக்கம் போகும்போது சாலை கொஞ்சம் நேராகும். எல்லையில் காரப்பள்ளம் செக்போஸ்டைத் தாண்டவேண்டுமே என்று அறுபதில் போய்க்கொண்டிருந்தார். இடது பக்கப் புல்லிலிருந்து ஒரு மான் பாய்ந்து குறுக்கே ஓடியது. அது தப்பித்துவிட்டது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. நடு ரோட்டில் வெளிச்சத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஸ்டீயரிங்கை மட்டும் அசைக்கவே இல்லை. நேராகப் போய் இடித்தோம்.

நான் கத்திவிட்டேன். "ஏண்ணா, கொஞ்சம் ஒடிச்சிருந்தா தப்பிச்சிருக்குமே!"

அவர் வண்டியை ஓரம் கட்டி, ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒடிச்சா வண்டி படுத்துக்கும்ங்க தம்பி. எதுத்தாப்ல பஸ் வந்தா அதுல நாப்பது பேர் இருப்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "எனக்கு மட்டும் இங்க அறுபதுல போகோணும்னு ஆசைங்களா? ஷீட்ல டைம் போட்டது நீங்கதானுங்களே."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. செக்போஸ்டில் போய் வனத்துறையினரிடம் சொன்னோம். செத்த மானை யாரும் தொடக்கூடாது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசுச் சொத்து. அவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். எங்கள் வண்டிக்கு ரேடியேட்டரும் ஒரு ஹெட்லைட்டும் போயிற்று.

வீட்டுக்கு வந்து, நம் இரண்டாம் வருஷ டைனமிக்ஸ் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 16.7 மீட்டர். மானைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போய், ஏர் பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்கே 25 மீட்டர். பிறகு நல்ல ரோட்டில் வண்டி நிற்க 28 மீட்டர். மொத்தம் 53. டிம் லைட்டில் உருப்படியாகத் தெரிவது நாற்பது, நாற்பத்தைந்து மீட்டர்தான். மான் தெரியும்போதே இடிப்பது முடிவாகிவிட்டது. நாற்பதில் போயிருந்தால் 17-ம் 12-ம் சேர்ந்து 29 மீட்டரில் நின்றிருக்கும். உயரமாக லோடு ஏற்றிய வண்டியின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கும், திடீரென்று ஒடித்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதை இங்கிருக்கும் மாணவர்களே போர்டில் வரைந்து காட்டிவிடுவார்கள். அண்ணன் படம் வரையாமலே தெரிந்து வைத்திருந்தார்.

அதன்பிறகு பல தடவை அவரோடு போனேன். ஒரு மான் கடந்தால் போய்விட்டது என்று ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, அடுத்தது வரும். எதிர்வண்டி இல்லாத இடத்தில் ஹைபீம் போட்டுப் பார்த்தால் ஓரத்தில் கண்கள் மினுங்கும். மினுங்கினால் வேகத்தைக் குறைத்து லைட்டை டிம் பண்ணவேண்டும், இல்லாவிட்டால் கண் கூசி நின்றுவிடும். யானை என்றால் சங்கதியே வேறு. தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், கீழே இறங்காமல், அது போகும்வரை இருக்கவேண்டியதுதான். கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டில் வந்து காத்து நிற்பதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆசையாகக் கரும்பு எறிந்து பழக்கியதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. அதை ரசித்துப் படம் பிடிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மிருகம் மட்டுமா? இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலைந்து வளைவுக்குள் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. அப்புறம் கல். பிரேக்டவுனான வண்டிக்கு டயருக்கடியில் கல் வைப்பார்கள், பின்னால் மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள். சரியானதும் கிளம்பிவிடுவார்கள், கல் ரோட்டிலேயே கிடக்கும். ராத்திரி பைக்கில் வருகிறவனுக்கு அது மானைவிட மோசம். எங்கள் வண்டி எல்லாவற்றிலும் இப்போது இரண்டு மரக்கட்டைகளும் ஒரு முக்கோணப் பலகையும் இருக்கின்றன. கட்டை நம் சொந்தக் காசு என்பதால் யாரும் விட்டுவிட்டு வருவதில்லை!

ட்ரிப் ஷீட்டை மாற்றினேன். மாலையில் கேட்டுக்கு ஓடுவது கிடையாது. சத்தியில் இரவு தங்கல், தங்கலுக்குத் தனி பேட்டா, காலையில் ஏற்றம். காட்டுக்குள் சராசரி 30 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறேன். முதலாளி சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. ட்ரிப்புக்கு அரை நாள் போகிறதே என்றார். ரேடியேட்டர் பில்லையும், வண்டி நின்ற நாட்களையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். மானுக்காகச் சம்மதித்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காலை கேட் திறந்தவுடன் நுழைந்தால் அதுவும் மான் மேயும் நேரம். நன்றாக விடிந்த பிறகு ஏறச் சொன்னால், பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் முந்திக்கொண்டு போவதைப் பார்த்து நம் டிரைவர்களுக்குக் கை பரபரக்கிறது. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

கடைசி வருஷ மாணவர்கள் சிலர், இதை ப்ராஜெக்டாகச் செய்யலாமா என்று காலையில் கேட்டார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதலில் ஒரு ட்ரிப் வரவேண்டும். கேபினில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் உண்டு. அண்ணனிடம் கேட்டுவிட்டேன், வரச் சொல்லிவிட்டார். திம்பத்தில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.