பாரிசவாதத்தின் பின் வரும் மௌனம்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையில் நோயைப்பற்றிப் பேச வந்தமைக்காக என்னை மன்னிப்பீர்களாக. ஆயினும் பாரிசவாதத்தை அறியாத லயம் நமது தோட்டங்களில் உண்டோ? காலையில் பிரட்டுக்குப் புறப்பட்ட மனிதர் வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்து சாய்கிறார். திக்கோயாவிலோ நுவரெலியாவிலோ உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார். இஸ்தோப்பில் நாற்காலி போட்டு அமர்த்தி, முகங்கழுவிச் சோறூட்டிக் குறைவறப் பராமரிக்கிறோம். அவரோ நாளடைவில் வாய் திறப்பதில்லை, உணவில் விருப்பமில்லை, உறக்கமில்லை, பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் முகம் மலர்வதில்லை. வீம்பு என்கிறோம், ஏழரைச் சனி என்கிறோம்.

நண்பர்களே, இது வீம்புமன்று, கிரகக் கோளாறுமன்று. பாரிசவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு மனச்சோர்வு நோய் வருவதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மூளையின் சேதமும், இழந்ததை எண்ணி ஏங்கும் துயரமும் சேர்ந்தே இதனை விளைவிக்கின்றன. சோர்ந்தவர் கைகாலுக்குரிய பயிற்சியையும் கைவிடுகிறார், உடலும் தேறுவதில்லை.

இதற்கு மாத்திரை உண்டு. அதனை வைத்தியர் தீர்மானிக்கட்டும். நான் சொல்ல வந்தது உளச்சிகிச்சை. "பேச்சே போனவரிடம் என்ன பேசிக் குணப்படுத்துவது?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் ஆராய்ச்சியாளர்கள் பேச்சுக் குன்றிய 105 பேரைக்கொண்டு இதனைச் சோதித்து, 2013 இல் முடிவை வெளியிட்டனர். நோயாளி முன்பு விரும்பிச் செய்த காரியம் எது, இன்று அதில் எவ்வளவு கூடும் என்று கண்டறிந்து, அதனைச் சிறுசிறு பகுதிகளாக்கிப் படிப்படியாகச் செய்விப்பதே முறை. ஆறு மாதத்தில் அவர்களின் மனம், அச்சிகிச்சை பெறாதவர்களின் மனத்தைவிடத் தேறியிருந்தது. மனம் தேறட்டும், பிறகு ஏதேனும் செய்யலாம் என்று நாம் காத்திருக்கிறோம். இவர்கள் செய்கையை முதலில் வைத்தார்கள்.

காமன் கூத்தில் தப்படித்தவர் ஒருவர் வலக்கை விழுந்து கிடக்கிறாரென வைத்துக்கொள்வோம். மாசி மாதத்தில் பையன்கள் அவர் முன்னே அடித்துப் பழகட்டும். தாளம் பிசகினால் இடக்கையால் நாற்காலியைத் தட்டித் திருத்துவார். கொழுந்தெடுத்த பாட்டி முன்னே கீரையும் முறமும் வையுங்கள். ஒரு கையால் ஆய அரை மணி ஆகும், ஆகட்டுமே! பார்க்கப் பொறுக்காமல் நாமே வாங்கிச் செய்து முடிப்பது நம் வழக்கம். அன்பினால் செய்கிறோம், ஆகையால் குறைசொல்லவும் எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

இரண்டு வாரத்திற்கு மேலும் சோர்வு நீடித்தால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். "இனி இருந்தென்ன" என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

வாலிபர்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு இவர்களைக் கோயிலுக்கு அழைத்துவர வேண்டும். மழையில் லயத்துப் படிகள் வழுக்கும். நாற்காலியோடு தூக்க ஒருவருக்கு நால்வர் தேவை. செயலாளர் வாசலருகே கொப்பியோடு நிற்கிறார். பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.