குடிக்காமல் ஊற்றிய தண்ணீர்

(அறுப்பின் பண்டிகை நன்றி ஆராதனையில் எங்கள் மருத்துவமனை ஊழியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. அன்று வர இயலாத பங்காளர்களுக்காக இங்கே தருகிறோம்.)



 

சற்று முன் வெளியே பந்தலில் ஏலம் நடந்தது. ஒரு பூசணிக்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போயிற்று. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நம் சமையலறைக்கே கொடுத்துவிட்டார். போடிக்காரர்களுக்கு ஏலம் கேட்பது புதிதா? மலையில் விளையும் காய்க்கும் ஏலம் என்று பெயர், விலை கேட்டு விற்பதற்கும் ஏலம் என்று பெயர். ஏலத்தை ஏலம் விடும் ஊர் நம்முடைய ஊர். முன்பு கூவிக் கேட்டார்கள்; இப்போது ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கே இருக்கும் வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். எப்போது அழுத்துவது என்று தெரிந்தால் மட்டும் போதாது, பணம் இருந்தும் எப்போது கையை எடுத்துக்கொள்வது என்றும் தெரிய வேண்டும் என்பார்கள்.

கையில் பணம் இருக்கிறது, வாங்க முடியும், ஆனாலும் வாங்காமல் விடுகிறோம். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறோம். கிறிஸ்தவர்களாகிய நாம் இதை நல்ல குணம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். எப்போதும் அது நல்ல குணம்தானா?

தாவீதின் வாழ்க்கையில் நடந்த ஒரு சிறு சம்பவம் இரண்டாம் சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாவீது அதுல்லாம் கெபியில் தங்கியிருக்கிறான். அவனுடைய சொந்த ஊராகிய பெத்லகேமில் பெலிஸ்தர் இறங்கியிருக்கிறார்கள். ஊர் வாசலருகே இருக்கும் கிணற்றுத் தண்ணீரின்மேல் அவனுக்கு ஆசை வந்தது. கட்டளை இடவில்லை; வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான். மூன்று வீரர்கள் பெலிஸ்தரின் பாளயத்துக்குள் துணிந்து புகுந்து, தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை, கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான்.

தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை. அவன் தாகமும் மெய்தான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த மூன்று பேர். தங்கள் உயிரையே பணயம் வைத்திருந்தார்கள். அது தெரிந்தபின் அவனுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. ஒரு பொருளை வாங்கும்போதும் சரி, வேண்டாம் என்று விடும்போதும் சரி, தாவீது பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும்: இதற்கு விலை கொடுப்பது யார்?

நம் பக்கத்து மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜே. சி. குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார்; பம்பாயில் தொழில் நடத்தினார்; அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேல்நாட்டு உடையை விட்டுக் கதர் உடுத்தினார். விலையுயர்ந்த வாழ்க்கை வாழ அவருக்கு வழி இல்லாமல் இல்லை. வேண்டாம் என்று விட்டார். 1934-இல் பீகாரில் பெரும் பூகம்பம் உண்டானபோது நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் வந்தது. தொண்டர்களின் செலவுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று கட்டுப்பாடு வைத்தார். காந்தியடிகள் தம் குழுவினரோடு அங்கே வந்தபோது, அவர்களுடைய செலவையும் அந்த நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். பிற்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாக வாழ்ந்து, 1960-இல் காலமானார்.

அவர் குறைத்தது தம்முடைய பங்கையும் தம்மோடு உழைத்தவர்களின் பங்கையும்தான். வீடிழந்த ஜனங்களின் பங்கில் அவர் கைவைக்கவில்லை. உங்கள் காணிக்கைப் பணத்தைக் கையாளும் எங்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகம் ஒரு பாடம்.

இனி நம் நடுவிலேயே நடந்தவற்றுக்கு வருகிறோம். எங்கள் பங்காளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஓய்வுப் பணம் வந்ததும் புதுக் கார் வாங்குவதாக இருந்தார். ஒரு நாள் மனைவியுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "கார் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். அந்தப் பணம் முழுவதும் ஆஸ்பத்திரிக்கு" என்று காசோலையை எடுத்தார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. புறப்படும்போது நாற்காலியின் கையைப் பிடித்து, இரண்டு முறை முயன்று எழுந்தார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. "பஸ்ஸில் எப்படிம்மா ஏறுறீங்க?" என்று எங்கள் நர்ஸ் கேட்டார். "யாராவது கை குடுப்பாங்கம்மா" என்றார்கள். ஆசிரியரின் முகம் மாறிவிட்டது.

அன்று நாங்கள் காசோலையை வாங்கவில்லை. "ஐயா, அம்மாவைக் கலந்துகொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். எங்கள் பொருளாளருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்! இரண்டு வாரம் கழித்து ஒரு பழைய மாருதி காரில் இருவரும் வந்து இறங்கினார்கள். புதுக் காருக்கும் பழைய காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். இந்தத் தடவை அதை அம்மாவே தம் கையால் கொடுத்தார்கள். அந்தக் காணிக்கையை நாங்கள் சந்தோஷமாகப் பெற்றுக்கொண்டோம்.

இன்னொரு சம்பவம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மலையில் ஏலத்தோட்டங்கள் சேதமானதும், காய் குறைந்து விலை ஏறியதும் உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. அந்த வருஷம் போடிமெட்டுச் சாலையில் பார்க்கும் இடமெல்லாம் புது வண்டி. 2022-இல் காய் விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வண்டிக் கடன் இறங்கவில்லை. விலை ஏறிய நாளில் கையை அடக்கியவர்கள் விலை இறங்கிய நாளில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அப்படிக் கையை அடக்கியவர்களில் ஒரு தோட்டக்காரரை எங்களுக்குத் தெரியும். புது வண்டி வாங்கவில்லை, வீட்டைப் பெரிதாக்கவில்லை. சபைக் கட்டடத்துக்குத் தாராளமாகக் கொடுத்தார். எளிமையான மனிதர் என்று எல்லாரும் மெச்சினார்கள், நாங்களும் மெச்சினோம். அவருடைய தாயாரை எங்கள் கண் முகாமுக்கு அழைத்துவந்தது தோட்டத்தில் காய் எடுக்கும் ஒரு சகோதரி. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. பாட்டி மகனைக் குறை சொல்லவில்லை. "வயசாயிப்போச்சு, இனிமே கண்ணுக்குச் செலவு எதுக்குன்னான். அவன் சிக்கனக்காரன்" என்று பெருமையாகவே சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்த மறுநாள், அவர்கள் வார்டில் உட்கார்ந்து சமையற்கட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, முறத்தைத் தாமே வாங்கிக்கொண்டார்கள்.

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவாலயத்துக்கு ஒதுக்கியவர்களை நம் ஆண்டவர் எவ்வளவு கடிந்துகொண்டார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த மகன் கெட்டவர் அல்ல. பின்பு மனம் வருந்தி, தாயாரை அழைத்துப்போக அவரே வந்தார். தாம் சிக்கனம் பிடிப்பதாக அவர் நினைத்திருந்தார். இருட்டில் உட்கார்ந்திருந்தது அவர் தாயார்.

பிரியமானவர்களே, மற்றவர்களைப் பற்றிச் சொன்னோம். எங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த உரை உண்மையாயிராது.

தேனி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வருவதற்கு முந்திய காலம் அது. எங்களிடம் கட்டட நிதியில் பணம் இருந்தது. வெண்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவி ஒன்று வாங்கலாமா என்று குழுவில் ஆலோசித்தோம். விலை அதிகம். ஏழைகளுக்கான சிறிய மருத்துவமனைக்கு இது எதற்கு, பட்டணத்து ஆஸ்பத்திரிகளைப் போல நாம் ஆக வேண்டாம், எளிமையாகவே இருப்போம் என்று தீர்மானித்தோம். எங்கள் எளிமைக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லி, ஜெபத்தோடு கூட்டத்தை முடித்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை, மலையிலிருந்து ஜீப்பில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர். முதுகில் மாட்டும் மருந்து டப்பா ஒழுகியிருக்கிறது. நனைந்த சட்டையோடு மாலை வரை வேலை செய்திருக்கிறார். கையுறை இல்லை, முகமூடி இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. அந்த வகை மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது, தசைகள் துடித்தன. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, அட்ரோபின் ஊசி போட்டோம். நுரை அடங்கியது. ஆனால் சுவாசத் தசைகள் சோர்ந்துபோவதை அட்ரோபின் தடுக்காது. அந்தத் தசைகளுக்குத் திரும்பப் பெலன் வரும்வரை, சில நாட்கள், ஒரு கருவி அவருக்காக மூச்சுவிட வேண்டும். அந்தக் கருவியைத்தான் நாங்கள் வேண்டாம் என்றிருந்தோம்.

மதுரை தொண்ணூறு கிலோமீட்டர். வண்டியில் எங்கள் நர்சுகள் இருவர் மாறி மாறிக் காற்றுப்பையைக் கையால் அழுத்திக்கொண்டே போனார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் கடந்தது. உசிலம்பட்டி தாண்டியபின் அவர் இருதயம் நின்றுபோயிற்று. அவர் மனைவி எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட வந்து கடைசிவரை காற்றுப்பையை விடாமல் பிடித்ததற்காக அந்த நர்சுகளின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியை நாங்கள் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கையுறையும் பூட்ஸும் வாங்கத் தோட்டத்தில் பணம் இருந்தது, வாங்கவில்லை. கருவி வாங்க எங்களிடம் பணம் இருந்தது, வாங்கவில்லை. இரண்டு இடத்திலும் மிஞ்சியது பணம். போனது அவர் மூச்சு. நாங்கள் எளிமை என்று பெயர் வைத்ததற்கு விலை கொடுத்தவர் அவர்.

மறு வருஷம் அந்தக் கருவியை வாங்கினோம். பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ முந்நூறு பணத்துக்கும் அதிக விலைபெற்ற தைலத்தை ஊற்றியபோது, இதைத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று முறுமுறுத்தவர்களை ஆண்டவர் தடுத்தார். விலை உயர்ந்ததெல்லாம் வீண் என்று அவர் எண்ணவில்லை. இதை நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டோம்.

ஆகவே, எங்கள் பங்காளர்களாகிய உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, ஏதாவது ஒன்றை வாங்காமல் விட்டு எங்களுக்குக் கொடுக்க உங்கள் உள்ளத்தில் ஏவப்பட்டால், வீட்டிலுள்ளவர்களைக் கலந்துகொள்ளுங்கள். உங்கள் தியாகத்தின் பாரம் அவர்கள் முழங்காலிலோ கண்ணிலோ போய் விழக்கூடாது. அவர்களும் மனதாரச் சம்மதித்துக் கொடுக்கும் காணிக்கை சிறிதாயிருந்தாலும் எங்களுக்குப் பெரியது.

இரண்டாவது, உங்களில் தோட்டம் உள்ளவர்கள், மருந்தடிக்கும் ஒவ்வொருவருக்கும் ரப்பர் பூட்ஸ், கையுறை, முகமூடி வாங்கிக் கொடுங்கள். புழுக்கமாக இருக்கிறது என்று அவர்களே கழற்றி வைப்பார்கள். அது எங்களுக்கும் தெரியும். வெயில் ஏறுமுன் காலையிலேயே அடிக்கச் சொல்லுங்கள். உடம்பில் மருந்து பட்டால் உடனே சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவ, தோட்டத்தில் தண்ணீரும் மாற்றுத் துணியும் வையுங்கள். தோட்டம் இல்லாதவர்கள், விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப் ஏறும் கூலியாட்களிடம் இதைச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் சுகாதார ஊழியத்தைக் காணிக்கையால் தாங்குங்கள்.

மூன்றாவது, எங்களைக் கணக்குக் கேளுங்கள். எதை வாங்கினீர்கள் என்று மட்டுமல்ல, எதை வாங்காமல் விட்டீர்கள், அதனால் கஷ்டப்பட்டது யார் என்றும் கேளுங்கள். எங்கள் பழைய ஜீப் இன்னும் ஓடுகிறது. அதை மாற்றும் எண்ணம் இல்லை, அதில் குலுங்குவது நாங்கள்தான். நோயாளியின் மூச்சுக்கு வேண்டியதில் மட்டும் இனி மிச்சம் பிடிக்கமாட்டோம் என்று தேவ சந்நிதியில் பொருத்தனை செய்திருக்கிறோம். அதை நிறைவேற்ற எங்களுக்காக ஜெபியுங்கள்.

கணவனை இழந்த அந்தச் சகோதரி இன்றைக்கும் காய் எடுக்க மலைக்குப் போகிறார். அறுப்பின் பண்டிகைதோறும் ஒரு கைப்பிடி ஏலக்காய் கொண்டுவந்து காணிக்கைத் தட்டில் வைப்பார். இன்றும் வைத்திருக்கிறார். அதை நாங்கள் ஏலத்தில் விடுவதில்லை. பிரசவ வார்டில் தாய்மார்களுக்குக் கொடுக்கும் பாலில் தட்டிப் போடுகிறோம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் உங்கள் கையின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.