ஒப்புக்கொண்ட சம்பளம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சிறுவர் நாடகத்திற்கும் இன்னிசைக்கும் இடையில் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இலக்கியம் பேச நம்மினும் தகுதியுடையோர் இச்சபையில் பலர் உளர். நாமோ மெட்ரிகுலேஷனோடு நின்று, ரயில்வேயில் கடைநிலைப் பணியில் நுழைந்து, துறைத்தேர்வு எழுதி எழுத்தராக உயர்ந்தவர்கள். பிறர் சம்பளத்தைக் கணக்கிடுவதிலேயே நம் காலம் கழிந்து வருகிறது. ஆகவே நமக்குத் தெரிந்த பொருளையே எடுத்துக்கொண்டோம். குறைந்த சம்பளத்திற்கு ஒப்புக்கொண்டு வேலையில் அமர்ந்துவிட்ட ஒருவர், பின்னர் அது குறைவென்று அறியும்போது என்ன செய்யலாம் என்பதே அது.

நம் பாட்டன்மார் பெங்கால் நாகபுரி ரயில்வேயை நம்பி இந்தக் கரக்பூருக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் பேசும் தொல்லை இருக்கவில்லை. பணிமனையில் விகிதம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. இன்று நம் பிள்ளைகளில் ரயில்வேக்குள் செல்வோர் சிலரே. ஏனையோர் லாரி அலுவலகம், தனியார் பள்ளி, மருந்துக் கடை, கணினி நிறுவனம் என்று பல இடங்களில் இருக்கிறார்கள். அங்கே விகிதம் என்று சுவரில் ஒட்டிய தாள் ஏதும் இல்லை. முதலாளி ஒரு தொகை சொல்கிறார். வீட்டு நிலைமை 'சரி' என்று சொல்ல வைக்கிறது.

ஓராண்டு கழித்து, கூடுதலாகக் கேட்கலாம் என்று வாய் திறந்தால், முதலாளி ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறார்: "ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தாய்?" இதைக் கேட்டுத் திரும்பி வந்த இளைஞர்கள் பலர் மாலை நேரங்களில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த வாக்கியத்தை நியாயம் என்றே கருதுகிறார்கள் என்பதுதான் நம்மை வருத்துகிறது. வாக்குக் கொடுத்தாயிற்றே, இனிக் கேட்பது மரியாதையாகுமா என்று தயங்குகிறார்கள்.

அந்த வாக்கியத்தைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஒப்புதலுக்கும் ஒரு தரை உண்டு. அத்தரைக்குக் கீழே கொடுத்த ஒப்புதலைச் சட்டம் ஒப்புதலாகவே மதிப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இது தெளிவாக இருந்தது; குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டடங்கள் எழுந்தபோது, அங்கே வேலை செய்த கூலியாட்களைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. நீதிபதி பகவதி அவர்கள் தீர்ப்பளிக்கையில், குறைந்தபட்ச ஊதியத்திற்கும் குறைவாகப் பெற்றுக்கொண்டு ஒருவன் உழைப்பது அரசியலமைப்பின் 23ஆம் விதி தடுக்கும் கட்டாய உழைப்பே என்றார். பசியால் நெருக்குண்டு 'சரி' என்றவனை விருப்பத்தால் 'சரி' என்றவனாகக் கொள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நிற்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் பட்டியலில் கண்ட தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. புதியது எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும். ஊதியப் பாக்கிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி, மீதியைப் படிகளாகப் பிரித்து, வைப்பு நிதிக்குப் பிடிக்கும் தொகையைக் குறைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. அதற்கும் இத்தொகுப்பு தடை வைத்திருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்காகும். ஆகையால் கையில் வரும் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைக்காமல், சம்பளச் சீட்டின் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். சீட்டே தராத இடமாயின், அதைக் கேட்டு வாங்குவது முதல் வேலை.

சட்டத்தின் தரை என்பது உயிர் வாழ மட்டும் போதுமான அளவு என்று எவரும் எண்ண வேண்டா. 1957இல் கூடிய 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கு ஒரு கணக்கு வகுத்தது. ஆளொன்றுக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு என்று அது விரிந்தது. 1991இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றையும் அதில் சேர்க்க வேண்டும் என்றது. ஏழாவது ஊதியக் குழு 2016 முதலான குறைந்தபட்சச் சம்பளமாக 18,000 ரூபாயைக் கண்டதும் இந்த மாநாட்டுக் கணக்கைப் பின்பற்றியே. வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதலாவது குழு 1947இல் கண்டது, அகவிலைப்படி உட்பட 55 ரூபாய்.

ஆனால் நம்மிடம் வரும் இளைஞர்களில் பலர் தரைக்கு மேலேதான் நிற்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு அவ்வளவாக உதவாது. செய்யும் வேலைக்குத் தக்க சம்பளம் இல்லை என்பதே அவர்கள் குறை. நம் குடியிருப்பில் வளர்ந்த ஓர் இளைஞரின் நிகழ்ச்சியைச் சொல்கிறோம், பெயர் வேண்டா.

பி.காம். தேறியவர். தாயாரின் நோய்க்குப் பணம் தேவைப்பட்ட சமயத்தில், ஒரு சரக்கு லாரி அலுவலகத்தில் மாதம் 14,000 ரூபாய்க்கு அமர்ந்தார். பதினெட்டு மாதம் கழித்து அதே மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அவருக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் நம் இளைஞர். வந்தவருக்குச் சம்பளம் 19,000. அன்றிரவு நம்மிடம் வந்து, "மாமா, நாளைக்கே விட்டுவிடுகிறேன்" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாம் முதலில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினோம். இருவருக்கும் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்வு என்று வைத்துக்கொண்டால், பத்து உயர்வுகளுக்குப் பின் ஒருவர் ஏறத்தாழ 30,225 ரூபாயிலும் மற்றவர் 41,020 ரூபாயிலும் நிற்பார்கள். இன்று 5,000 ஆக இருக்கும் வேற்றுமை அன்று 10,795. காத்திருந்தால் தானே சரியாகிவிடும் என்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. விட்டுவிட்டுப் போவதும் உடனே பயன் தராது. அடுத்த இடத்தில் முதற்கேள்வியே, 'முன்பு என்ன வாங்கினாய்?' என்பதுதானே!

பிறகு ஒரு தாளை எடுத்து, சேரும்போது சொன்ன வேலைகளை இடப்பக்கமும், இன்று செய்யும் வேலைகளை வலப்பக்கமும் எழுதச் சொன்னோம். இடப்பக்கம் ஒரே வரி: லாரி ரசீது எழுதுதல். வலப்பக்கம் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கு, வழிச்சீட்டுகள், மூன்று பெரிய வாடிக்கையாளர்களிடம் பாக்கி வசூல், வங்கிக் கணக்கு ஒத்துப் பார்த்தல் என்று தாள் நிறைந்துவிட்டது. புதியவரின் சம்பளத்தை எடுத்துப் பேசாதே, அது அவருக்கும் இடைஞ்சல் என்றோம். மார்ச்சுக் கணக்கு முடியும் வரை பொறுக்கவும் சொன்னோம். கணக்கு முடியும் வாரத்தில் முதலாளிக்கு நம் வேலையின் அருமை தெரியும். அந்த நினைவு ஆறுமுன் கேட்பதே காலம்.

ஏப்ரலில் கேட்டார். எதிர்பார்த்த வாக்கியமே வந்தது. இளைஞர் சொன்ன மறுமொழியை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அது அவருடையதே. "ஆம், முதலாளி. ரசீது எழுத ஒப்புக்கொண்டேன். இன்றும் அதே சம்பளத்திற்கு எழுதுகிறேன். இந்தத் தாளில் உள்ள மற்றவற்றுக்கு நாம் இன்னும் பேசவே இல்லை."

முதலாளி தாளை வாங்கி இருமுறை படித்தாராம். அம்மாதமே 16,500 ஆக்கினார். மீதி தீபாவளிக்குப் பின் என்றார். அதை எழுத்தில் தர மறுத்தார். தீபாவளி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. இதற்கிடையில் இளைஞர் அதே தாளை நல்லபடியாக எழுதி வேறு இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஜாம்ஷெட்பூரில் 22,000 ரூபாய்க்கு இடம் கிடைத்தது. முன்பு வாங்கியது என்ன என்று அங்கே கேட்டபோது பொய் சொல்லவில்லை. வாங்கியதைச் சொல்லி, இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இது என்று அதையும் சேர்த்துச் சொன்னார். பழைய இடத்தில் ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து, கணக்குகளை ஒப்படைத்துக் கையெழுத்தும் பெற்றுக்கொண்டு சென்றார்.

விகிதம் அச்சிட்ட எங்கள் ரயில்வேயில் இத்தொல்லை இல்லை என்று நினைப்பீர்கள். அதுவும் முழு உண்மையன்று. பதவி உயர்வு பெற்றவர், உயர்ந்த நாளிலிருந்தே சம்பளம் நிர்ணயம் ஆக வேண்டுமா, அல்லது அடுத்த ஆண்டு உயர்வு நாளிலிருந்தா என்று ஒரு மாதத்திற்குள் விருப்பம் தெரிவிக்கலாம். உயர்வு நாள் சனவரி 1 அல்லது ஜூலை 1. இரண்டில் எது ஆதாயம் என்று கணக்குப் பார்க்காமல், படிவத்தையே தொடாமல் விட்டவர்களின் பதிவேடுகளை நாம் கண்டிருக்கிறோம். ஓய்வூதியம் வரை அந்தக் குறை தொடரும். இளையவர் மூத்தவரை விட அதிகம் வாங்க நேர்ந்தால், உரிய நிபந்தனைகள் பொருந்தும்போது மூத்தவரின் சம்பளத்தை உயர்த்திச் சரிசெய்யவும் விதி இருக்கிறது. அரசாங்கமே இது முறையன்று என்று ஒப்புக்கொண்டு விதி வகுத்திருக்கும்போது, தனியார் இடத்தில் அதைக் கேட்பவன் மட்டும் எப்படி நன்றி கெட்டவனாவான்?

தாய்மார்களுக்கு ஒரு சொல். சில தனியார் பள்ளிகளில் ஆசிரியைகள் கையெழுத்திடும் தொகை ஒன்று, வீட்டிற்குக் கொண்டுவரும் தொகை ஒன்று. வங்கியில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. இதைக் குறைந்த சம்பளம் என்று சொல்வதே பிழை, அது களவு. எடுத்த தேதியும் கொடுத்த தேதியும் தொகையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தனியாக ஒருவர் கேட்டால் வேலை போகும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் போகாது. இதே ஊர்ப் பணிமனையில் 1927இல் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்க்குத் துணை நின்றவர்களில் ஒருவரான வி. வி. கிரி அவர்கள் 1969இல் குடியரசுத் தலைவர் ஆனார்கள்.

இறுதியாகப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து பிள்ளைகளை வரவழைத்து, தெரிந்த கடைகளில் சேர்த்துவிடுபவர்கள் நாமே. நல்ல காரியம்தான். ஆனால் சேர்த்துவிடும்போது சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், 'கொடுப்பதை வாங்கிக்கொள்' என்று விட்டுவிடுகிறோம். பின்னர் அவன் கூடுதல் கேட்டால், நம் முகத்திற்கு இழுக்கு என்று நாமே அடக்குகிறோம். முதலாளியின் சொல்லுக்கு முன் நம் வீட்டுச் சொல்லே அவன் வாயை அடைக்கிறது. சேர்த்துவிடுபவர் ஒருமுறையேனும் அந்த வேலைக்கு அந்த ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கலாகாதா? உள்ளூர்ச் சம்பளம் தெரியாதவன் அந்தப் பிள்ளை; தெரிந்தவர்கள் நாம்.

சங்க நூலகத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நாம் இருப்போம். சம்பளச் சீட்டும், நியமனக் கடிதம் இருந்தால் அதுவும், இரண்டு பக்கமும் எழுத ஒரு வெள்ளைத் தாளும் கொண்டு வாருங்கள். பதவி உயர்வு ஆணை கையில் வந்த ரயில்வே நண்பர்கள் மட்டும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டா. அன்று மாலையே வீட்டிற்கு வரலாம். ஒரு மாதம் என்பது விரைவில் ஓடிவிடும்.