வாடகைக்கு ஒரு அறை



வ.உ.சி. பிறந்தநாள் என்றால் அவர் விட்ட கப்பலைப் பேசுவோம், சிறையில் இழுத்த செக்கைப் பேசுவோம். நான் அதற்குப் பிறகு நடந்ததைப் பேச வந்திருக்கிறேன்.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. அவர் உள்ளே இருந்த காலத்திலேயே கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறி மாறிக் குடியிருந்தார். அரிசி விற்றார், நெய் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அனுப்பிய உதவியில் குடும்பம் சாப்பிட்டது. அவருக்கென்று அவர்கள் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த பணத்தைப் பெற எத்தனையோ கடிதம் எழுதினார்; 1916இல்தான் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. பல வருஷம் கழித்து, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர், ஒரு வெள்ளைக்காரர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார் என்றால், தொழில் இல்லாமல் கழிந்த அந்த வருஷங்கள் அவரை எப்படி வாட்டியிருக்கும்!

"அவர் தியாகி. புழல் சிறையிலிருந்து வருகிறவனும் அவரும் ஒன்றா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லை. ஒருநாளும் நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் விடுதலையான மறுநாள் காலையில் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: தலைக்கு மேல் ஒரு கூரை, கைக்கு ஒரு தொழில். அவ்வளவு பெரிய மனிதருக்கே இந்தச் சமூகம் அதைக் கொடுக்கவில்லை. அடிதடி வழக்கில் போய்வந்த ஒரு பையனுக்கு என்ன கொடுப்போம்?

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பழைய மத்தியச் சிறை 2006இல் புழலுக்கு வந்தது. நமக்குப் பக்கம்தான். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள் என்று நினைக்காதீர்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்குமேல் தீர்ப்பே வராதவர்கள்! இவர்களில் ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. ஜாமீன்தாரர் இல்லை, காட்டுவதற்கு முகவரி இல்லை. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். உடன்பிறந்தவர் ஜாமீன் கொடுக்க வந்தால், "உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது" என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். அவ்வளவு பெரிய நீதிமன்றம் சொல்லி இத்தனை வருஷமாயிற்று. முகவரி இல்லாதவன் பாடு இன்னும் அதேதான்.

வெளியே வந்தபிறகும் அதே முகவரிதான் அவனை மறிக்கிறது. காக்களூர் சிட்கோவிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ கான்ட்ராக்டரிடம் போய் நின்றால் முதலில் ஆதார் கேட்கிறார். ரேஷன் அட்டைக்கு முகவரி வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டால், "முன்னே எங்கே குடியிருந்தே?" அந்த ஒரு கேள்விக்கு அவன் என்ன பதில் சொல்வான்? பொய் சொன்னால் பத்தாம் நாள் தெரிந்துவிடும், உண்மை சொன்னால் அன்றைக்கே கதவு சாத்தப்படும். பெண்ணாக இருந்துவிட்டால் கூடப்பிறந்தவர்கள் வீட்டிலேயே இடம் கிடையாது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புழலில் சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. 2023இல் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க்கும் வந்தது. நாம் வண்டியை நிறுத்தி, அவர்கள் கையால் பெட்ரோல் போட்டுக்கொள்கிறோம், பாக்கிச் சில்லறையை எண்ணாமல் பையில் போடுகிறோம். அதே பெண் தண்டனை முடிந்து நம் தெருவில் அறை கேட்டு வந்தால் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ராத்திரி ரோந்து போலீஸ் வந்து கதவைத் தட்டினால் அக்கம்பக்கம் பேசும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நன்னடத்தை அலுவலரிடம் விசாரியுங்கள், எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அட்வான்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதையும் கட்ட முடியாதவனுக்கு நம் வாசகர் வட்டம் பணம் திரட்டித் தரவேண்டும் என்று அதன் தலைவரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து தமிழர்கள் வ.உ.சி.க்குக் கடல் தாண்டிச் செய்ததை, புழலுக்குப் பக்கத்தில் இருக்கும் நாம் செய்யக்கூடாதா?

இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்று ஒரு எண் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். லைன் வீடு வைத்திருப்பவர்களும் பட்டறை நடத்துபவர்களும் கூட்டம் முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓடாதீர்கள். வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறேன். காலியாக ஒரு அறையோ, ஆள் வேண்டிய ஒரு வேலையோ இருந்தால் எழுதிவிட்டுப் போங்கள்.